உயர்ந்தோமா, உயர்த்தப்பட்டோமா?

இங்கிலீசில் ரைஸ் என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. ரெய்ஸ் என்று இன்னொன்று. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. ஒன்று வர வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிட்டு அடி வாங்காத பையன் எங்கள் விடுதியில் கிடையாது. ரைஸ் என்றால் எழுவது, உயர்வது. சூரியன் ரைஸ் ஆகிறது. அதை யாரும் தூக்கிவிடத் தேவையில்லை. ரெய்ஸ் என்றால் எழுப்புவது, உயர்த்துவது. கொடியை ரெய்ஸ் பண்ணுகிறோம். கொடி தானாக ஏறாது, கயிற்றை இழுக்க ஒரு ஆள் வேண்டும். முதல் சொல்லுக்கு இறந்தகாலம் ரோஸ், அதற்கடுத்த வடிவம் ரிஸன். ரெண்டாவது சொல்லுக்கு இரண்டுமே ரெய்ஸ்டுதான்.

எங்களுக்குத் தெரிஞ்ச ரைஸ் சோறுதான். விடுதியில் அது எப்பவும் பத்தாது. சூரியன் கிழக்கில் ரைஸ் ஆகிறது என்று சார் இங்கிலீசில் சொன்னதும், பின்பெஞ்சில் ஒருத்தன் “கிழக்கால சோறு வேகுதாம்டா” என்றான். சிரித்ததுக்கு எல்லாருக்கும் சேர்த்து அடி விழுந்தது.

இதே பாடத்தைத் தமிழய்யா வேறு பெயரில் நடத்தினார். உருண்டான், உருட்டினான். திருந்தினான், திருத்தினான். உண்டான், ஊட்டினான். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. எழுவாய் தானே செய்தால் தன்வினை, பிறரைச் செய்ய வைத்தால் பிறவினை. இவ்வளவுதான் இலக்கணம். ஆனால் ஒரு காரியத்தில் யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்பதை யார் முடிவு செய்வது? அதை இரண்டு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் ஒரு மேடையில் கற்றுக்கொண்டேன்.

1984இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல் மார்க். சேரியிலிருந்து அப்படி வந்த முதல் பையன். ஊர் கீழத்தஞ்சைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். தலைமை, ஊரில் பெரிய நிலக்காரர். அவர் வயலில்தான் என் அம்மா நடவு நட்டது, களை பறித்தது, கதிர் அறுத்தது எல்லாம். நான் மேடையில் இங்கிலீசில் நாலு வரி நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். ராத்திரி உட்கார்ந்து நானே எழுதினேன். கூலிக் குடும்பத்தில் பிறந்தவன், அம்மாவின் உழைப்பாலும் என் உழைப்பாலும் உயர்ந்திருக்கிறேன் என்று அர்த்தம் வரும்படி ஒரு வரி. ‘ஐ ஹேவ் ரிஸன்’ என்று போட்டிருந்தேன். ரைஸா ரெய்ஸா என்று நாலு தடவை யோசித்துத்தான் போட்டேன்.

சார் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். மேலே ‘ஐ ஹேவ் பீன் ரெய்ஸ்டு’ என்று எழுதினார். உயர்த்தப்பட்டிருக்கிறேன். யாரால் என்பதற்கும் ஒரு துண்டு சேர்த்தார்: இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களால்.

“சார், இலக்கணம் தப்பா சார்?”

“இலக்கணம் தப்பில்லடா. மரியாதை தப்பு.”

நான் சார் எழுதியதைத்தான் வாசித்தேன். கைதட்டினார்கள். தலைவர் எழுந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மா பள்ளிக்கூடத்து வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். “என்னடா சொன்ன, எல்லாரும் தட்டுனாங்க?”

“இவங்கதான் என்னத் தூக்கிவிட்டாங்கன்னு சொன்னேம்மா.”

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அப்புறம் சொன்னாள்: “கட்டத்தான்டா தூக்கிவிடுவாங்க. ஒண்டியா நின்னா கட்டு தலைக்கு ஏறாது. பக்கத்துல உள்ளவ ஒரு கை குடுப்பா. அதுக்கப்புறம் நாமதான் நடக்கணும். ஆள எங்கடா தூக்குவாங்க? ஆளத் தூக்குனா அது பொணம்.”

அறுவடை பார்த்தவர்களுக்கு இது புரியும். கதிரைக் கட்டாகக் கட்டி, சும்மாடு வைத்து, களத்துக்குச் சுமக்க வேண்டும். கட்டைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் தூக்குவது பாரத்தை, என்னை அல்ல. அடுத்த நிமிஷம் அவளுக்கு நான் தூக்கிவிடுவேன். இதில் யாரும் யாருக்கும் மேடை போட்டு நன்றி சொல்வதில்லை. பள்ளிக்கூடமே போகாத என் அம்மா, ரெய்ஸ் என்ற சொல்லுக்குச் சரியான செயப்படுபொருள் எது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். எனக்கு அது விளங்க ரொம்ப வருஷம் ஆனது.

*

எங்கள் சனங்களைப் பற்றி இந்தச் சமூகம் பேசும்போது எந்த வினையை எங்கே வைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். நாங்கள் கீழே கிடப்பதைச் சொல்லும்போது தன்வினை. ‘அவங்க தாழ்ந்த சாதி.’ ‘அவங்க குடிச்சுக் கெட்டுப்போறாங்க.’ ‘அவங்க திருந்த மாட்டாங்க.’ தாழ்ந்தது, கெட்டது, திருந்தாதது எல்லாம் நாங்களே செய்துகொண்டது. எங்களில் ஒருத்தன் மேலே வந்துவிட்டால் உடனே பிறவினை. ‘அரசாங்கம் தூக்கிவிட்டிருச்சு.’ ‘நாங்கதான் படிக்க வச்சோம்.’ ‘சலுகையில வந்தவன்.’ விழுந்தது நீயாக, எழுந்தது எங்களால்.

நடந்தது இதற்கு நேர்மாறு. நாங்கள் தாழவில்லை, தாழ்த்தினார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், தண்ணீரை அடைத்தார்கள், தெருவை மறித்தார்கள், எழுத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்தார்கள். இவை எல்லாம் ஒருவர் இன்னொருவர் மேல் செய்த வினைகள். எங்கள் எழுச்சிதான் தன்வினை. ஆக, இரண்டு சொற்களையும் குழப்பிக்கொண்டது விடுதிப் பையன்கள் மட்டுமல்ல. ஒரு நாடே குழப்பிக்கொண்டிருக்கிறது. பையன்கள் குழப்பியது தெரியாமல். நாடு குழப்பியதில் ஆதாயம் இருக்கிறது.

எங்கள் முன்னோர்கள் இந்த இலக்கணத்தைக் கவனிக்காமல் இல்லை. ‘தாழ்ந்தவர்’ என்ற சொல் போய் ‘தாழ்த்தப்பட்டவர்’ என்ற சொல் நின்றதே ஒரு போராட்டம்தான். ஒரு ‘த்து’ உள்ளே வந்ததும் குற்றம் இடம் மாறிவிட்டது. தாழ்த்தப்பட்டவன் இருந்தால் தாழ்த்தியவன் ஒருத்தன் இருக்க வேண்டுமே! ஆனால் ‘பட்ட’ என்று முடிவதால் அவன் பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். வெள்ளைக்காரன் ஏட்டில் நாம் ‘டிப்ரஸ்டு கிளாஸஸ்’. அமுக்கப்பட்ட வகுப்பார். அமுக்கியது யார் என்று ஏடு சொல்லவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ‘ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்’ ஆனோம். பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள். இதில் அமுக்கிய கை மட்டுமல்ல, அமுக்கிய செயலே மறைந்துவிட்டது. எழுதியவனின் பேனா மட்டும் மிச்சம். எங்களைத் தாழ்த்தியவர்களை ஒரு பட்டியலில் போட்டு அதற்கொரு பெயர் வைக்க எந்தச் சட்டத்துக்கும் தோன்றவில்லை.

*

இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவில் நடந்த பெரிய சண்டை 1932இல் வந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். அந்த மாதக் கடைசியிலேயே பம்பாயில் தீண்டாமை எதிர்ப்புக்கென்று ஓர் அகில இந்திய அமைப்பு தொடங்கினார்கள். பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். அதுதான் பிறகு ஹரிஜன சேவா சங்கம் ஆனது. நவம்பரில் லண்டனுக்குப் போகும் கப்பலிலிருந்து அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதன் சாரம் இது. தீண்டப்படாதவர்களின் வேலையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆளைத் தனித்தனியாக நல்லவனாக்குவது: மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளிக்கூடம். ஒருவன் நிலைமைக்கு அவன் நடத்தையே காரணம் என்று நம்புகிறவர்களின் வழி இது. இன்னொன்று, அவனைச் சுற்றியுள்ள சூழலை மாற்றுவது: கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை, பள்ளியில் சேரும் உரிமை, ஊர்ச்சாவடிக்குள் போகும் உரிமை, வேலையில் சமவாய்ப்பு. சங்கம் இரண்டாவது வழியில் இறங்க வேண்டும், வேலை செய்கிறவர்களை எங்கள் மக்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்று கேட்டார்.

சங்கம் அந்த வழியில் போகவில்லை. 1945இல் காங்கிரசும் காந்தியும் செய்ததைப் பற்றி எழுதிய நூலில் அம்பேத்கர் இந்தக் கதையை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். சங்கத்தின் நிர்வாகத்தில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது காந்தி தந்த விளக்கம், இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், ஆகவே அதை நடத்துவதும் அவர்கள் பொறுப்பு என்பதுதான். பாவம் செய்தவரும் அவரே, பரிகாரம் செய்கிறவரும் அவரே. இரண்டு வாக்கியத்திலும் எழுவாய் அவர். நாம் இரண்டிலும் செயப்படுபொருள். உள்நோக்கம் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தில் நான் நிற்க இடம் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு ஐந்து வருஷம் முன்பு மகத்தில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. 1924இல் மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் எல்லாம் முடிந்தது. ஆனால் ஒருத்தரும் போய்த் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் கூட வந்த மக்களும் நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் கை வைத்துக் குடித்தார்கள். அன்றைக்குத்தான் குளம் திறந்தது. அதற்காக அடியும் வாங்கினார்கள், வழக்கும் நடந்தது. 1937இல்தான் உயர்நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது. தீர்மானம் போட்டவர்கள் செய்தது வீண் என்று சொல்ல மாட்டேன். அது கட்டைத் தூக்கிவிட்ட கை. நடந்தது எங்கள் கால்.

நட, நடத்து என்பதும் இதே ஜோடிதான். ‘எங்களை மனிதராக நடத்துங்கள்’ என்று நாமே எத்தனை மனுவில் எழுதியிருக்கிறோம்! இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் அப்படிக் கேட்கவில்லை. பொதுத்தெருவில், பொதுச்சாலையில், கிணற்றடியில், குளக்கரையில் எங்கள் ஆள் போகலாம் என்பதைத்தான் கேட்டது. எங்களை நடத்த வேண்டாம், நடக்க விடு. இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல.

*

இந்த இடத்தில் ஒருத்தர் குறுக்கே வருவார். எல்லா விவாதத்திலும் வருகிறவர்தான். “நல்லதாப் போச்சு. நீங்களே எழுந்துக்குவீங்கன்னா இடஒதுக்கீடு எதுக்கு? சொந்தக் கால்ல நில்லுங்களேன்” என்பார்.

அவருக்கு என் பதில்: இடஒதுக்கீடு ரெய்ஸ் அல்ல. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவைப் படித்துப் பாருங்கள். கைதூக்கிவிடுவது பற்றி அதில் பேச்சே இல்லை. அரசுப் பணியில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத வகுப்புகளைப் பற்றித்தான் பேச்சு. பந்தியில் எனக்குரிய இலையை நீ மடித்து உன் பக்கம் வைத்திருந்தாய், அதை விரித்துப் போடு என்பது அது. இலை போட்டவன் சாப்பிட வைத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சாப்பிடுவது நான். 17ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்வதோடு நிற்காமல், அதன் பேரில் ஒருவருக்குத் தடை போடுவது குற்றம் என்கிறது. அதாவது ‘த்து’ போட்டவனைப் பார்த்துப் பேசுகிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அப்படித்தான். அதனால்தான் உதவித்தொகை கொடுக்கும்போது முகம் மலர்கிறவர்கள் இந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். உயர்த்துகிறேன் என்ற வாக்கியத்தில் அவருக்கு மாலை உண்டு. தாழ்த்தினாய் என்ற வாக்கியத்தில் விலங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெய்ஸ் கெட்ட சொல் அல்ல. எதை உயர்த்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூலியை உயர்த்தலாம், குரலை உயர்த்தலாம், கொடியை உயர்த்தலாம், கேள்வியை எழுப்பலாம். எங்கள் பக்கத்து வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் சனங்கள் எங்களை உயர்த்துங்கள் என்று கேட்டதில்லை. கூலியை உயர்த்து என்றார்கள், கொடியை உயர்த்திப் பிடித்தார்கள். எங்களைத் தூக்கிவிட எப்போதும் தயாராக இருக்கும் கைகள், நாங்கள் கூலியைத் தூக்கச் சொன்னால் என்ன செய்யும் என்று கீழத்தஞ்சையில் பிறந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

*

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்கிறேன்.

வேலைக்குப் போன பிறகு எங்கள் தெருவில் ராத்திரிப் பள்ளி நடத்தினேன். கூட்டங்களில் பேசினேன். ‘மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுகிறோம்’ என்று அறிக்கை எழுதினேன். ஊட்டினான், பிறவினை. பச்சைப்பிள்ளைக்குத்தான் ஊட்டுவார்கள். ஒருநாள் கூட்டத்தில் “இந்தத் தெருவை நான் உயர்த்திக் காட்டுகிறேன்” என்று பேசிவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்: “நீ உசத்துற வரைக்கும் நாங்க இங்கன படுத்தா கெடந்தோம், தம்பி?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. சார் என் நோட்டில் எழுதியதை நான் என் சனங்கள் மேல் எழுதிக்கொண்டிருந்தேன். சாதி வேறு, மை அதே மை.

தோழர்களே, நம்மில் படித்தவர்கள், இயக்கத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. அறிக்கையில் ‘அணிதிரட்டினோம்’ என்று எழுதுகிறோம். திரண்டது அவர்கள். அன்றைய கூலியை இழந்து வந்தது அவர்கள். நாம் கட்டுக்கு ஒரு கை கொடுத்திருப்போம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஒருவர் இன்னொருவரை உயர்த்துவதே இல்லையா? உண்டு. என் அம்மா என்னை வளர்த்தாள். இங்கிலீசில் அதற்கும் ரெய்ஸ் என்கிறார்கள். பழைய இலக்கண வாத்தியார்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆடு மாட்டைத்தான் ரெய்ஸ் பண்ண வேண்டும், பிள்ளையை ரியர் பண்ண வேண்டும் என்பார்கள். எந்தச் சொல்லானால் என்ன, அவள் செய்தது முழுப் பிறவினை. தான் உண்ணாமல் எனக்கு ஊட்டினாள். ஆனால் ஒருநாளும் ‘நான் வளர்த்தேன்’ என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கேட்கிறவர்களிடம் “எம்மவன் வளந்துட்டான், படிச்சுட்டான்” என்றே சொன்னாள். தான் செய்த பிறவினையை எனக்குத் தன்வினையாகக் கொடுத்துவிட்டாள். நான் கண்ட வித்தியாசம் இதுதான். உண்மையிலேயே ஒருவரை உயர்த்தியவர், நீ உயர்ந்தாய் என்பார். தன் வாக்கியத்தில் எழுவாய் இடத்தைக் காலி செய்து கொடுப்பார். நான் உயர்த்தினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர் அந்த இடத்தை விட்டு இறங்க மனமில்லாதவர். அவருக்கு நான் கீழேயே இருப்பது அவசியம். நான் எழுந்துவிட்டால் அவர் எதைத் தூக்குவார்?

அம்மா 2011இல் இறந்துபோனாள். ஐப்பசி மழை. எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வயலில் இறங்கித்தான் போக வேண்டும். நடவு முடிந்த வயலில் முழங்கால் சேற்றில் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவளை ஊர் பார்க்கத் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

காரியம் முடிந்து நானும் தெருப் பையன்களும் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். எங்கள் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த வேண்டும் என்று ஒரு பையன் ஆரம்பித்தான். நான் அந்த வரியை அடித்தேன், நீல மையில்தான். அதற்குப் பதிலாக இரண்டே வரி எழுதினோம். சுடுகாட்டுப் பாதையை மண் அடித்து வயல் மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். நாங்கள் நடந்துகொள்கிறோம்.